மெத்தைக்கடையில் கேளுங்கள்

பெயிண்ட் மொத்தக் கடையின் கணக்காளரைத் தெருவே 'சில்லறை' என்றுதான் கூப்பிடும். கல்லாவில் ஒரு சின்னக் காசு குறைந்தாலும் கடையைப் பூட்ட விடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் சம்பளம் நியாயமானதா என்பது மட்டும் தெரியாது.

தெரிந்துகொண்டே ஆகவேண்டிய நெருக்கடியை உண்டாக்கியவன் கொழுந்தன். அவன் கிளாரினெட் பழகிக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்ததோ ஒரு கூடம், ஒரு சமையலறை. அவன் ஊத ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு நாய்கூட வேறு வீடு பார்க்கலாமா என்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கும். இரண்டு தெரு தள்ளி, கதவு வைத்த தனி அறையோடு ஒரு வீடு காலியாக இருந்தது. மாதம் முப்பதாயிரமாவது வந்தால்தான் அந்த வாடகை கட்டுப்படியாகும். அவள் வாங்கியது இருபத்திரண்டு.

"மொதலாளிகிட்ட கேட்டுப் பாரேன்," என்றான் புருஷன். தம்பியின் வாயிலிருந்து கிளாரினெட்டைப் பிடுங்குவதைவிட அது அவனுக்குச் சுலபமாகப் பட்டது.

வெறுங்கையோடு போய்க் கேட்டால் முதலாளி மின்விசிறியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும். எனவே சில்லறை முதலில் ஊர் நிலவரத்தை விசாரித்தாள். சாயங்காலம் டீக்கடையில் கூடும் கணக்காளர்களிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தாள். டைல்ஸ் கடைக் கணக்காளர் பதினெட்டு என்றார். விளக்குக் கடைக் கணக்காளர் பதினாறு, அதுவும் ஒழுங்காக வருவதில்லை என்றார். மெத்தைக்கடைக் கணக்காளர் தன் புத்தம்புது ஸ்கூட்டரில் சாய்ந்தபடி பதினைந்து என்றார்.

அந்த வாரம் முழுக்க, தெருவிலேயே பெரிய பணக்காரி தான்தான் என்ற சோகத்தில் திரிந்தாள்.

முதலாளியின் வருமான வரிக் கணக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியே கை பழகியது இந்தக் கணக்காளர் கூட்டம். சொந்த வருமானத்தைக் கேட்டால் வாயும் தானாகக் குறைத்துவிடுகிறது. டைல்ஸ் கடைக் கணக்காளர் திருப்பிக் கேட்டபோது அவளே பதினாலு என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

அப்படியானால் செலவைக் கூட்டிக் காட்டுகிற முதலாளிகளிடம் கேட்க வேண்டும். உண்மை நடுவில் எங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு வேண்டியது மேல்பக்கம்.

வருடக் கடைசியில் கடைக்குக் கடை பாக்கியை ஒத்துப்பார்த்துக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்தச் சாக்கில் மெத்தைக்கடைக்குப் போனாள். தெருவிலேயே கணக்காளருக்கு அதிகம் கொடுப்பது தன் முதலாளிதானாம் என்று, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மெத்தைக்கடை முதலாளியின் காதில் போட்டுவைத்தாள்.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு, அவரா? டீக்கே கணக்குப் பாக்கற ஆளும்மா அவரு. நான் முப்பத்தஞ்சு கொடுக்கறேன். போய்ச் சொல்லு."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் யாருடைய கையிலிருந்தோ கால்குலேட்டர் நழுவி விழுந்தது.

மறுநாள் சில்லறை தன் முதலாளி முன்னால் போய் நின்றாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவள் மெத்தைக்கடைச் சம்பளத்தைச் சொன்னாள். அவர் பார்வை வேகமாகக் கீழே இறங்கியது.

"முப்பத்தஞ்சா? அந்தக் கஞ்சனா? இப்பவே கேக்கறேன் இரு."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மெத்தைக்கடை முதலாளியைக் கேட்டார். மறுமுனையில் நீண்ட மௌனம். காலையிலிருந்து எதிரே மெத்தைக்கடைக் கணக்காளர் நகராமல் நிற்கிறார் என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது.

"ஆமாய்யா," என்றது மெத்தைக்கடைக் குரல், பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன் போல. "முப்பத்தஞ்சுதான். இந்த மாசத்துலேருந்து."

முதலாளி ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜையைத் தடவினார். மெத்தைக்காரனுக்குக் கீழே நிற்பதா?

"சரி, உனக்கும் முப்பத்தஞ்சு. போய் மெத்தைக்கடையிலயும் சொல்லிட்டு வா. ஆனா இனிமே டீ உன் காசு."

அன்று சாயங்காலமே புருஷனை இழுத்துக்கொண்டு வீடு பார்க்கப் போனாள். வீட்டுக்கார அம்மா அறையைக் காட்டினார். கதவு கனமான மரம். சாத்திப் பார்த்தாள், சுகமாக இருந்தது.

"சம்பளம் எவ்வளவும்மா வாங்கறே?"

"பதினாலு," என்றது சில்லறையின் வாய்.

அந்த அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். புருஷன் சுவரைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து, இரண்டு தெரு தாண்டி, கிளாரினெட் மெலிதாக மிதந்து வந்தது.

"முப்பத்தஞ்சுங்க," என்றாள் சில்லறை. திருடி மாட்டிக்கொண்டவள் போல முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டுல எதும்மா நிஜம்?"

"பெருசுதாங்க. நம்பிக்கை இல்லன்னா மெத்தைக்கடையில கேட்டுப் பாருங்க."