கருவாட்டுக் கொட்டிலில் குளிர்

ஸலாஹுதீன் மாமா கார் வாங்கிய நாளிலிருந்து கார் ஓட்டியதில்லை. பெற்றோல் மிச்சம்தான் பிடித்தார். கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் றோட்டில் சைக்கிள்காரர்கள் அவரை முந்திப் போய், திரும்பிப் பார்த்து ஸலாம் சொல்வார்கள். மாமா பதில் ஸலாம் சொல்வார், டாஷ்போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று அங்கே ஓர் எண் எரிந்துகொண்டிருக்கும். அது முப்பதைத் தாண்டிய அன்று பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு ஒரு மூடை அரிசி கொடுத்தார்.

யப்பானிலிருந்து வந்த ஹைபிரிட். பாதி பெற்றோல், பாதி மின்சாரம். மாமா மொத்தக் கருவாட்டு வியாபாரி. எதையும் தராசில் போட்டுப் பார்த்துத்தான் நம்புவார். இந்தக் காரை மட்டும் பார்த்தவுடன் நம்பினார்.

"பழைய எஞ்ஜின் பெற்றோலக் குடிச்சி, மருமகன். இது கொஞ்சம் பெற்றோல், மிச்சமெல்லாம் காத்து. காத்துக்கு ஆரும் பில் போடுறயா?"

"பற்றரி எப்பிடிச் சார்ஜ் ஆகும் மாமா?"

"பற்றரி நெறஞ்சி ஈந்தா எஞ்ஜின் தூங்கும். எறங்கினா தானா எழும்பி ஓடிச் சார்ஜ் பண்ணும். ஆரிட்டயும் கேக்காது."

"ஆரிட்டயும் கேக்காதா?"

"கேக்காது," என்றார் மாமா, தன் மகனைப் பற்றிச் சொல்வதுபோல.

கடல் காற்று இரும்பைத் தின்னும் என்பதால் காரை வெளியில் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கருவாட்டுக் கொட்டிலைக் காலியாக்கி உள்ளே விட்டார். அது கல்லால் கட்டியது. கருவாட்டில் ஈ மொய்க்கக் கூடாது என்று வெடிப்பெல்லாம் பூசி, பலகைக் கதவின் ஓரத்துக்கு றப்பர் அடித்து, ஓர் ஈ கூட நுழைய முடியாதபடி மாமாவே முன்னின்று செய்வித்த அறை. கருவாடு போனது, வாடை போகவில்லை. அந்த வாடைக்குள் வேறு எந்த மணமும் மூக்கில் ஏறாது.

நோன்பு தொடங்கியதும் வெயிலும் தொடங்கியது. ட்ரான்ஸ்போமர் மாற்றுகிறார்கள் என்று பகலில் கரண்ட் இல்லை. மாமாவின் மகள் ஷிம்லா மச்சி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள், புருஷன் கட்டாரில். குழந்தை அர்கமுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பகல் முழுக்க அழுவான். நோன்போடு படுத்துக்கிடக்கும் ஒரு வீட்டுக்கு அதைவிடப் பெரிய சோதனை இல்லை.

மாமாதான் வழி கண்டுபிடித்தார். "கார்ல ஏஸிய போட்டுட்டுப் புள்ளயோட படுக்கட்டும். பற்றரில ஓடுற ஏஸி. எஞ்ஜின் இல்ல, பொக இல்ல, சத்தம் இல்ல. ஒரு சொட்டுப் பெற்றோல் போகாது."

ஜெய்னம்பு மாமிக்கு ஒரேயொரு சந்தேகம்தான். "புள்ள பெத்து நாப்பது நாள் முடியாம இவ ஊட்ட விட்டு வெளிய போகலாமா?"

யோசித்துப் பார்த்துத் தீர்ப்பும் அவவே சொன்னா. கொட்டில் வளவுக்குள் இருக்கிறது, கார் கொட்டிலுக்குள் இருக்கிறது, ஆகவே இது வெளியே போவதாகாது.

அதன்பிறகு லுஹர் தொழுகைக்குப் பின் ஷிம்லா பிள்ளையோடு கொட்டிலுக்குள் போவாள். பால் கொடுக்க வேண்டியிருப்பதால் கதவை உள்ளே பூட்டிக்கொள்வாள். சில நாட்களில் மாமியும் கூடப் போய்ச் சாய்ந்துகொள்வா. அர்கம் அழவே இல்லை. போட்ட இடத்தில் கிடந்து தூங்கினான். எழுப்பினாலும் தூங்கினான். வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நான் பல்கலைக்கழக லீவில் அங்கே வந்திருந்தேன். எனக்கும் தூக்கம் முக்கியம்.

முதலில் பூனை செத்தது. கொட்டிலின் வாடையை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே குடியிருந்த பூனை. காருக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது.

"கருவாடு இல்லாம பட்டினில செத்திருக்கும்," என்றா மாமி.

கற்பிட்டியில் மீன் கிடைக்காமல் செத்த முதல் பூனை அதுவாகத்தான் இருக்கும். புதைத்துவிட்டு வந்து தூங்கினேன்.

பிறகு மாமிக்குத் தலையிடி வந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் நேரம் ஆனால் ஊரில் தேத்தண்ணீர் குடித்துப் பழகிய அத்தனை தலையும் இடிக்கும். "தலையிடிக்கிது" என்றால் "நோன்புதானே" என்பார்கள். அது ஸலாமும் பதில் ஸலாமும் போல.

மாமாவின் கவலை வேறு. ஒரு காலை நேரம் காரிலிருந்து இறங்கி, மையித்து வீட்டுக்கு வந்தவர் போல நின்றார்.

"எண் எறங்குது மருமகன். முப்பது ஈந்திச்சி. இப்ப இருவத்தேழு. நான் ஓட்டவே இல்ல! பெற்றோலும் கொறஞ்சி ஈக்கிது."

"அப்ப ஆரு குடிக்கிறது?"

"களவெடுக்கிறானுகள்." குரலை இறக்கி, கண்ணால் வேலிப்பக்கம் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் கிளைட்டன். வள்ளக்காரன், ஓய்ந்த நேரம் த்ரீவீல் ஓட்டுவான். அவனுடைய த்ரீவீலுக்குப் பெற்றோல் வேண்டும் என்பதே மாமாவுக்குப் போதிய சாட்சி.

அன்றே நடவடிக்கை எடுத்தார். கூரைக்குக் கீழே ஈ வலை அடித்துக் கையளவு இருந்த ஒரே காற்றுத் துவாரத்தைச் சீமெந்தால் அடைத்தார், வலையை விலக்கிக் குழாய் விட்டு உறிஞ்சுகிறார்களாம். ஷிம்லா உள்ளே இருக்கும்போது யாரும் வந்துவிடாமல் உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்டார். வேலிக்கு மேலால் கேட்கும்படி, "இனி வந்து பாக்கட்டும் கள்ளன்!" என்றும் சொன்னார்.

மறுநாள் பகல் ஷிம்லா குசினிக்குள் வந்தாள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேத்தண்ணீரும் பாண் துண்டும் எடுத்துக்கொண்டாள். நெற்றியைச் சுவரில் சாய்த்தபடி, "தல பொளக்கிது உம்மா. நேத்தும் இப்பிடித்தான்," என்றாள்.

"நோன்புதானே," என்றா மாமி, கண்ணை மூடியபடி.

ஷிம்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நான் குசினிக்குள் முகம் கழுவப் போனேன். அவள் குடித்த கோப்பை அங்கேயே இருந்தது. அடியில் சீனி கரையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளை பெற்றவள் நோன்பு பிடிப்பதில்லை. தேத்தண்ணீர் குடித்திருக்கிறாள், பாண் தின்றிருக்கிறாள். இவளுக்கு எப்படி நோன்புத் தலையிடி வரும்?

பூனையும் நோன்பு பிடிக்கவில்லை.

விறாந்தைக்கு ஓடினேன். "மாமா, அந்த எஞ்ஜின் நிண்ட எடத்துலயும் தானா எழும்புமா?"

"பற்றரி எறங்கினா எழும்பும். ஏன்?"

"பெற்றோல ஆரும் களவெடுக்கல்ல மாமா."

மாமா பாயிலிருந்து மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். அதன்பிறகு எனக்கு முன்னால் ஓடியவர் அவர்தான்.

கதவில் காது வைத்தோம். உள்ளே மெல்லிய உறுமல், வயிறு நிறைந்த மிருகம் தூக்கத்தில் மூச்சு விடுவது போல. "ஷிம்லா! மகள்!" என்று மாமா கத்தினார். தோளால் மோதினார். காலால் உதைத்தார். தாழ்ப்பாள் அசையவில்லை. கெட்டியான இரும்பாகத்தான் தேடி வாங்கியிருந்தார். றப்பர் அடித்த கதவில் விரல் நுழைக்கவும் இடமில்லை.

சத்தம் கேட்டுக் கிளைட்டன் வள்ளத்து நங்கூரத்தோடு வேலியைத் தாண்டி வந்தான்.

"என்ன ஸலாஹுதீன் நானா, கள்ளன் உள்ள அம்புட்டுட்டானா?"

"என்ட புள்ள உள்ள! கதவ ஒட கிளைட்டன், ஒட!"

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. பிணைச்சல் பக்கம் பார்த்து நங்கூரத்தை இறக்கினான். பலகை பிளந்தது.

காருக்குள் நல்ல குளிர். ஷிம்லாவின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. மடியில் அர்கம். கன்னம் இரண்டும் ரோஸ் நிறம். அவ்வளவு நல்ல நிறத்தில் அவனை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

வளவு மணலில் கிடத்தியதும் ஷிம்லா வாந்தியெடுத்தாள். மகள் வாந்தியெடுத்ததற்கு மாமா அழுதுகொண்டே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிள்ளை வாந்தியெடுக்கவில்லை, அழவும் இல்லை. மூச்சு இருந்தது. கையைத் தூக்கிவிட்டால் ஈரத் துணி போல விழுந்தது.

மாமா ஒருமுறை காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரோடும் கிளைட்டனின் த்ரீவீலில் ஏறினார்.

ஆசுபத்திரியில் இருவருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். முகமூடி அர்கமின் முகத்தை விடப் பெரிது. தாதி கையால் பிடித்துக்கொண்டு நின்றா. டொக்டர், வேறு யார் அந்தக் காரில் இருந்தது என்று கேட்டார். மாமி கையை உயர்த்தினா. மாமிக்கும் ஒன்று கொண்டுவந்தார்கள்.

"இது நோன்ப முறிக்குமா டொக்டர்?"

"மூச்சு எடுங்க உம்மா."

"அதுதான் கேக்கிறன்..."

அப்போது அர்கம் வாயைத் திறந்தான். முதலில் சத்தம் வரவில்லை. முகம் மட்டும் கோணியது. பிறகு வார்டே திரும்பிப் பார்க்க அலறினான். "அழட்டும், நல்லா அழட்டும்," என்று மாமா சிரித்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. பிள்ளையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "இப்ப ஒண்டும் சொல்லேலாது. எஞ்ஜின் பொகையால மூளைக்கு என்ன நடந்திருக்கெண்டு கொஞ்ச நாள் போனாத்தான் தெரியும். வழமையவிடக் கூடத் தூங்கினா, எழுப்பி எழும்பாட்டி, உடனே கூப்பிடுங்க."

ஷிம்லா கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். பிள்ளையை அவளருகே கிடத்தினார்கள். பால் குடித்தான். குடித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் போலக் கண்ணை மூடினான்.

மாமி முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து, அவனுடைய உள்ளங்காலில் கிள்ளினா. அவன் வீரிட்டான். சற்று அடங்கி மறுபடி கண் சொருகியது. மறுபடி கிள்ளினா. பக்கத்துக் கட்டில் பெண், "பாவம், தூங்க உடுங்களேன்," என்றாள்.

நாங்கள் யாரும் மாமியைத் தடுக்கவில்லை.