ஸ்கேனுக்கு ஹென்றி சார் போட்ட கையெழுத்து

எங்கள் கன்டெய்னர் யார்டில் பர்மிட் இல்லாமல் யாரும் ஏணியைக்கூட நகர்த்த மாட்டார்கள். வெல்டிங் வைப்பதா, உயரத்தில் ஏறுவதா, தொட்டிக்குள் இறங்குவதா, எதுவானாலும் மஞ்சள் தாளில் எழுதி, சேஃப்டி ஆபீசர் ஹென்றி சாரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். விம்கோ நகரில் ஃபிட்டராக இருந்த எங்கப்பா பீம்ராவ், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன ஒரே புத்திமதியும் அதுதான். நான் சேர்ந்ததோ கம்ப்யூட்டர் செக்‌ஷனில். அந்தப் புத்திமதியை அங்கேயும் தூக்கிக்கொண்டு போனேன் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2003ஆம் வருஷம். ஊரிலிருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் வைரஸ் வந்து படுத்துக்கொண்ட சமயம். எங்கள் ஹெட் ஆபீசிலிருந்து ஒரு மெயில் வந்தது. உங்கள் நெட்வொர்க்கில் எந்தெந்த மிஷின் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடக்கிறது, பட்டியல் அனுப்பவும் என்று. என் செக்‌ஷன் தலைவர் சுடலைராஜ் அதைப் படித்துவிட்டு, இன்றைக்கே ஸ்கேன் போட்டுவிடும்மா என்றார். அதை மெயிலில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டேன். ஒரே ரூமில் உட்கார்ந்துகொண்டு மெயில் எதற்கு என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு அது ஆறாவது மாதம். பத்து நாளில் வேலை நிரந்தர ஆர்டர் வர வேண்டும். எங்கம்மா வரலட்சுமி வியாசர்பாடியில் எங்கள் பிளாக் முழுக்க, கார்குழலி பர்மனென்ட் ஆகப்போகிறாள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டாள். வாய்வார்த்தையை நம்பி இறங்க எனக்குப் பயம். எழுத்தில் யாராவது சரி என்று சொன்னால் தேவலை என்று பட்டது. எழுத்தில் சரி சொல்வதையே தொழிலாக வைத்திருந்த ஒரே மனிதர் ஹென்றி சார். ஒரு மஞ்சள் தாளை எழுதி எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

ஹென்றி சார் ராயபுரத்துக்காரர். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. காற்று கொஞ்சம் ஏறினாலும் கிரேனை நிறுத்திவிடுவார். போன மாதம் அப்படி நிறுத்தியதில் நாற்பது பெட்டிகள் கப்பலைத் தவறவிட்டன. ஜி.எம். வெள்ளத்துரை எல்லார் முன்னாலும் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினார். ஹென்றி சார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். மறுநாள் காற்றடித்தது, மறுபடியும் கிரேனை நிறுத்தினார்.

என் பர்மிட்டைப் படித்தபோது அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலை நடக்கும் இடம் என்ற கட்டத்தில் யார்டு முழுவதும் என்று எழுதியிருந்தேன். கருவி என்ற கட்டத்தில் மென்பொருள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத்த போட்டா எதுனா நின்னுடுமா?"

"நிக்காது சார். சும்மா ஒவ்வொரு கதவா தட்டிப் பாக்கறதுதான்."

"தட்டுனா, உள்ள இருக்கறவன் பயந்துட மாட்டானே?"

"ஒண்ணும் ஆவாது சார்."

மூன்றாவது முறையும் அதையே வேறு மாதிரி கேட்டார். நானும் அதையே வேறு மாதிரி சொன்னேன். கையெழுத்துப் போட்டார். தீயணைப்பான் பக்கத்தில் உள்ளதா என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று, ஒரு சிவப்பு சிலிண்டரைத் தூக்கி வரச் சொல்லி என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இரண்டேகால் மணிக்கு ஸ்கேனைத் தட்டினேன். ஐந்து நிமிஷத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிண்டர்கள் தாங்களாகவே தாள் துப்ப ஆரம்பித்தன. ஒவ்வொரு தாளிலும் ஒரு வரி கிறுக்கல். அதை நிறுத்த ஓடினேன். அதற்குள் எடைமேடைக் கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. அது பழைய மிஷின். தட்டினாலே விழுந்துவிடும் மிஷின்கள் உலகத்தில் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எடை போடாமல் ஒரு டிரெய்லரும் வெளியே போக முடியாது. மூன்று மணிக்கு வரிசை எண்ணூர் சாலைக்கு வந்தது. டிரைவர்கள் கேட்டில் நின்று என்னென்ன திட்டினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. மிஷின் எழுந்திருக்க ஐந்தரை ஆனது.

ஜி.எம். அறையில் விசாரணை. சுடலைராஜ் கூசாமல் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை, லாரி வராத நேரமாகப் பார்த்துத்தான் போடச் சொன்னேன் என்று. சொன்ன விதத்தில் அத்தனை நிதானம். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொல்லியிருப்பாரோ, என் காதில்தான் விழவில்லையோ? மஞ்சள் தாளை எடுத்து நீட்டினேன். இது என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன், முட்டாள்.

ஜி.எம். அதை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. திட்டப்போகிறார் என்று நான் நிற்கிறேன், அவர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் சுடலைராஜையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, பர்சனல் ஆபீசர் தேவப்பிரியம் மேடம் கூப்பிட்டார். ஜி.எம்மும் அங்கே இருந்தார். மேஜையில் என் நிரந்தர ஆர்டர், டைப் அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், பேனா.

ஜி.எம். அன்பாகத்தான் பேசினார். உன் மேல் தப்பில்லை, சின்னப் பெண், முறையாக அனுமதி கேட்டிருக்கிறாய் என்றார். கொடுக்க அதிகாரமில்லாதவர் கொடுத்ததுதான் தப்பாம்.

"ஹென்றி எதையும் விசாரிக்காமக் கையெழுத்துப் போட்டாருன்னு எழுதும்மா. அவ்வளவுதான்."

"கேட்டாரு சார்."

"அவருக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்? தெரியாதவர் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிபோலத்தான் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று சொன்னது நான். நான் சொன்னது பொய்யா? தெரியாமல் சொன்னது பொய்யாகுமா? அப்படியானால் தப்பு யாருடையது? இதையெல்லாம் யோசித்தேன் என்று சொல்வதுகூட நடிப்புதான். நான் பார்த்தது அந்த டைப் அடித்த ஆர்டரை. அதில் என் பெயர் இருந்தது. எங்கம்மா பிளாக் முழுக்கச் சொல்லி வைத்த வார்த்தை இருந்தது. எழுதினேன். திரு. ஹென்றி அவர்கள் என்னிடம் எந்த விவரமும் கேட்கவில்லை என்று, மரியாதையாகத்தான் எழுதினேன். ஜி.எம். உடனே என் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

தேவப்பிரியம் மேடம் என் தாளைக் கோப்பில் சேர்க்கக் கோப்பைத் திறந்தார். உள்ளே மேலாக இன்னொரு தாள் இருந்தது. ஹென்றி சாரின் கையெழுத்து. முந்தின நாள் தேதி. தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

'அந்தப் பெண் விவரம் சொன்னது. எனக்குப் புரியவில்லை. புரியாமல் கையெழுத்துப் போட்டது என் தவறு. அந்தப் பெண் மேல் நடவடிக்கை வேண்டாம்.'

மேடம் என் தாளை அதன் மேல் வைத்துப் பின் குத்தினார். நான் ஆர்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ஹென்றி சாரை வீட்டுக்கு அனுப்ப அவரே எழுதிய அந்த ஒரு தாளே போதுமாக இருந்தது. என்னுடையதை எதற்குக் கேட்டார்கள் என்று மேடத்திடம் கேட்டேன். அவர் கோப்பைக் கட்டிக்கொண்டே, நீயும் இனிமேல் இங்கேதானே இருக்கப்போகிறாய், உன் கையெழுத்தும் ஒன்று எங்களிடம் இருக்கட்டும் என்றார்.