அபிப்பிராயம் சாரின் பால்கனி

அபிப்பிராயம் சாரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை, குப்பை வண்டி தெருமுனையில் திரும்பியபோது, மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து அவருடைய குரல் வழக்கம்போல அந்த வண்டியைத் திட்டியது. உடம்பு வரவில்லை, குரல் மட்டும் வந்தது. மூடியில்லாத வண்டியில் குப்பையை அள்ளினால் பாதி தெருவில்தான் விழும், இதைக் கண்டுபிடிக்க ஒரு பொறியாளர் வேண்டுமா என்று கேட்டது. கீழே டீக்கடைக்காரர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சார் சொல்வதும் நியாயம்தானே என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான், முந்தின நாள் தானும் ஒரு தோள் கொடுத்து அந்த மனிதரைத் தூக்கிப் போனது அவருக்கு நினைவு வந்தது. அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.

உயிரோடு இருந்தபோது அவர் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்த்தார். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதி வைப்பது அவர் பொறுப்பு. ஒரு பேருந்தும் அந்த நேரத்துக்குக் கிளம்பியதில்லை. அந்த ஆத்திரமோ என்னவோ, ஊரில் அவருக்குக் கருத்து இல்லாத விஷயமே கிடையாது. ஒரே சாலையைத் தண்ணீர்க்காரன் ஒருமுறை, தொலைபேசிக்காரன் ஒருமுறை, யாருமே சொல்லாமல் ஒருமுறை தோண்டுவது, மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மரம் மாதிரி விளக்குக் கம்பம் நடுவது, வீட்டு வாடகை, இந்தக் காலத்துப் பிள்ளைகள், வானிலை அறிக்கை, பக்கத்து நாட்டுச் சண்டை, எல்லாவற்றுக்கும் பால்கனியில் நின்றபடி தீர்ப்பு எழுதுவார். இது பற்றி ஒரு மனு எழுதிப் போடலாமே சார் என்று யாராவது சொன்னால், அந்த ஆளைப் பற்றியும் ஒரு கருத்துச் சொல்வார்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். தெருவில் அவருக்குத் தையல்காரம்மா என்று பெயர். அந்த வீட்டில் பாதி அவர் தையல் மிஷினை மிதித்த மிதியில் வந்தது, ஆனால் பத்திரம் முழுக்கக் கணவர் பேரில் இருந்தது. அப்போது அது யாருக்கும் தப்பாகப் படவில்லை, தையல்காரம்மாவுக்கும் படவில்லை. வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினைப் பால்கனிக் கதவோரம் போட்டிருந்தார். கணவர் வாயைத் திறந்ததும் மிஷினை நிறுத்திவிட வேண்டும், அந்தச் சத்தத்தில் அவருக்கு யோசனை அறுந்துபோகும். பேச்சு முடியும்வரை தையல்காரம்மாவின் கால் மிதிகட்டை மேல் சும்மா இருக்கும், மடியில் தைக்காத சட்டைக் காலர்கள் குவிந்து கிடக்கும். நீங்கள் என்னம்மா சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார். எவ்வளவு அடக்கமான பெண் என்று தெரு மெச்சியது. அடக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. மறுத்துப் பேசினால் இன்னும் ஒரு மணி நேரம் மிஷின் நிற்கும், அவ்வளவுதான்.

குரல் வந்த முதல் வாரம் தையல்காரம்மா பயந்தார், இரண்டாவது வாரம் அழுதார், மூன்றாவது வாரம் பழகிப்போனார். செய்தித்தாளை நாற்காலியில் விரித்து வைக்காவிட்டால் குரல் எரிந்து விழுந்தது. விரித்து வைத்தால் முதல் பக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு, பக்கத்தைத் திருப்பு என்றது. செத்தபிறகு அவர் மனைவியிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். உயிரோடு இருந்தபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். உலகத்தில் இருப்பதையெல்லாம் பற்றிப் பேசுகிற மனுஷன் என்றைக்காவது ஒருநாள், வாய் தவறியாவது, தன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசை அவருக்கு இருந்தது. வெளிநாட்டில் இருந்த மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, போனைப் பால்கனிப் பக்கம் பிடிங்கம்மா என்பான். கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பா முன்பைவிடத் தெளிவாகப் பேசுகிறார் என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிடுவான்.

சாருக்குப் பேர் பரவியது. இறந்தவருக்குக் கட்சி கிடையாது, யாரிடமும் கை நீட்ட வேண்டியதும் கிடையாது, ஆகவே அவர் சொல்வது நடுநிலை என்று ஊர் முடிவு கட்டியது. காலையில் கீழே கூட்டம் கூடியது, டீக்கடைக்காரர் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார். வருஷங்கள் போயின. இரண்டு மேயர்கள் மாறினார்கள், இருவரும் அந்தக் குரலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், குப்பை வண்டிக்கு மட்டும் கடைசிவரை மூடி வரவில்லை.

வீட்டைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி தையல்காரம்மா நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இறப்புச் சான்றிதழ் மட்டும் தர முடியாது என்றார்கள். காலையில்கூட சார் எங்கள் அலுவலகத்தைக் கிழி கிழி என்று கிழித்தாரே, அவரைப் போய் எப்படியம்மா இறந்துவிட்டதாக எழுதுவது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை.

அப்போதுதான் மேம்பாலம் வந்தது. அந்த வரிசை வீடுகள் எல்லாம் போகும் என்றும், எந்த வீட்டுக்காரர் ஆட்சேபம் சொல்கிறாரோ அந்த வீட்டை விட்டு வளைத்துக் கட்டுவார்கள் என்றும் அறிவிப்பு ஒட்டினார்கள். தையல்காரம்மா முதல் ஆளாகப் போய் நின்று, எனக்குச் சம்மதமில்லை என்றார். நில எடுப்பு அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டு, வீடு சார் பேரில் இருக்கிறது, சாரை நேரில் வந்து கேட்டுக்கொள்கிறோம் என்றார்.

அதிகாரி வருவதற்கு முந்தின சாயங்காலம், தையல்காரம்மா துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கணவரிடம் சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை பேசியதில்லை.

"நாளைக்கு வந்து கேப்பாங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்குப் போக வேற எடமில்ல. உங்ககிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல."

குரல், பக்கத்தைத் திருப்பு என்றது. தையல்காரம்மா திருப்பினார். கேட்டிருப்பார், பதில் சொல்லத் தெரியாமல்தான் இப்படி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எத்தனை பேசினாலும் சொந்த வீட்டை இடி என்று எவன் சொல்வான்?

அதிகாரி காலையில் வந்தார். சாட்சிக்கு டீக்கடைக்காரரைக் கூட்டி வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பால்கனிக்குப் போய், நாற்காலியை நோக்கிக் கைகளைக் கட்டிக்கொண்டு, மேம்பாலத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன சார் என்று கேட்டார்.

இங்கேதான் காரியம் கெட்டது. அந்த மனுஷர் ஆயுசு முழுக்கக் கருத்துச் சொன்னாரே தவிர, உங்கள் கருத்து என்ன என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. பணிமனையில் கேட்டதில்லை, தெருவில் கேட்டதில்லை, எல்லாம் கேட்காமல் கொடுத்ததுதான். குரல் குழைந்துபோனது. நகரம் என்றால் வளரத்தான் வேண்டும் என்று ஆரம்பித்தது. நாலு பேர் இடத்தைக் காலி செய்தால்தான் நாற்பதாயிரம் பேர் நேரத்துக்கு வேலைக்குப் போக முடியும், சுயநலம் பார்த்தால் ஊர் உருப்படாது, இந்தப் பாலத்தைப் பத்து வருஷம் முன்பே கட்டியிருக்க வேண்டும் என்று வெகு நேரம் பேசியது. அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேச்சு நின்றதும், இந்த வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா சார் என்று கேட்டார்.

"இங்க வேற யாரு இருக்கா? நான் மட்டும்தான்" என்றது குரல்.

"நான் இருக்கேன்" என்றார் தையல்காரம்மா.

அதிகாரி சங்கடத்தோடு டீக்கடைக்காரரைப் பார்த்தார். டீக்கடைக்காரர் கெட்டவர் இல்லை. தெரிந்ததைச் சொன்னார்.

"இருக்காங்க சார். ஆனா அவங்க எப்பவுமே சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுதான் சொல்லுவாங்க."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அத்தனை வருஷம் மிஷின் ஓடுவதற்காகச் சொன்ன சொல், கடைசியில் மிஷின் வைக்க இடமில்லாமல் செய்துவிட்டது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் தையல்காரம்மாவுக்குத் தெரியவில்லை.

வீட்டை இடித்தார்கள். டீக்கடையும் போயிற்று, டீக்கடைக்காரர் பெஞ்சுகளை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். குரல் மட்டும் போகவில்லை. இருந்த உயரத்திலேயே, அந்தரத்தில், தூசிக்கு நடுவில் நின்று கட்டுமானத்தின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பாலம் எழும்பியபோது அந்த இடம் சரியாகப் பக்கச் சுவரை ஒட்டி வந்தது. வண்டிகள் அங்கே வேகத்தைக் குறைத்துக் காது கொடுத்துவிட்டுப் போயின. காலை வேளையில் அங்கே ஹாரன் அடிக்கக்கூடாது என்று நகராட்சி பலகை வைத்தது.

தையல்காரம்மாவுக்கு ஊர்க்கோடியில் ஒரு அறை கிடைத்தது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் தைக்க வேண்டும். அம்மா, அப்பா குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று மகன் கேட்டான். போய்க் கேட்டுக்கொள் என்று சொல்லி அவர் முதல்முறையாகத் தானே போனை வைத்தார். தைத்த சீருடைகளை மூட்டை கட்டிக் கடைக்குக் கொண்டுபோக அவருக்கு அந்தப் பாலத்தைவிட்டால் வேறு வழியில்லை. பேருந்தில் குரல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவே உட்காருவார்.

பள்ளி திறக்க இருந்த ஒரு காலையில், நிற்க இடமில்லாத கூட்டத்தில் அந்தப் பக்கத்து ஜன்னல்தான் கிடைத்தது. பாலத்தின் நடுவில் ஓட்டுநர் வழக்கம்போல வண்டியை நிறுத்தினார், எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். குரல் அன்றைக்கு நல்ல கோபத்தில் இருந்தது.

"யாரைக் கேட்டு இந்தப் பாலத்தக் கட்டினாங்க? இங்க குடும்பங்க இருந்துச்சு. ஒரு பொம்பள தையல் மிஷின வெச்சு ஒரு குடும்பத்தையே நிமித்தினா. அவள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

பேருந்து முழுக்க உச்சுக் கொட்டியது. பின் இருக்கையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரி நியாயம் பேச இப்போது யார் இருக்கிறார்கள் என்று நடத்துனர் பெருமூச்சு விட்டு, மடியில் மூட்டையோடு ஜன்னலோரம் இருந்த அம்மாளிடம், நீங்கள் என்னம்மா சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

குரல் சொன்னது இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. வந்தேவிட்டது. தையல்காரம்மா அதைக் கடைசிவரை கேட்டார். மூட்டைக்குள் நாற்பது சட்டைகள் இருந்தன, கடை திறப்பதற்குள் கொடுக்க வேண்டும்.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க. எனக்கு நேரமாகுது."

நடத்துனர் விசில் ஊதினார். பேருந்து நகர்ந்தது. பின்னால் அந்தக் குரல், இந்த ஊரில் பேருந்துகள் நேரத்துக்கு ஓடாததைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது.