கடல் ரூம் கதவு

ஓசூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனாலும் எங்கள் கம்பெனிக்குள் ஒரு கடல் இருந்தது. சிரிக்க வேண்டாம், அதன் பெயரே கடல் ரூம்தான். நாங்கள் செய்த மின்சார சுவிட்சுகள் கடலோர ஊர்களுக்குப் போய்ப் புழுக்கத்தில் துருப்பிடிக்குமா என்று முன்கூட்டியே பார்ப்பதற்காக ஷெட்டின் கோடியில் ஓர் அறை கட்டியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி, அதற்குள் ஹீட்டர், உப்புத் தண்ணீரைத் தூவும் குழாய், வரிசையாக இரும்பு ராக்குகள். வெளியே நாங்கள் மப்ளர் கட்டிக்கொண்டு நடுங்குகிற டிசம்பரிலும் உள்ளே போனால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். கதவு நாலு விரல் கனம். உள்பக்கம் தகரம் அடித்திருக்கும், வெளிப்பக்கம் பெரிய இரும்புத் தாழ், அதை உள்ளிருந்தும் திருகித் திறக்க ஒரு கைப்பிடி. அந்தக் கதவைப் பார்த்துக்கொள்வது மெயின்டனன்ஸ் ஆளான என் வேலை.

மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து வந்த மரப்பெட்டிகளோடு கரப்பான்களும் வந்து சேர்ந்தன என்பார்கள். எங்கள் பக்கத்தில் கரப்பான் இல்லாமல் இல்லை. சமையல்கட்டில் ஓடுகிற சின்னது, செருப்பைத் தூக்கினாலே ஒளிந்துகொள்ளும். இது வேறு ஜாதி. விரல் நீளம், கருஞ்சிவப்பு, அதைவிட நீளமான மீசை. விளக்கைப் போட்டால் ஓடாது, முகத்துக்கு நேராகப் பறந்து வரும். லேபிள் பசையைத் தின்றது, அட்டைப் பெட்டியைத் தின்றது, ஒருமுறை என் மதியச் சோற்றில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. எனக்குப் பாம்பென்றால்கூட அத்தனை பயமில்லை. இது காலில் ஏறினால் உடம்பு முழுக்கக் கூசிப்போகும். நாற்பது வயது ஆம்பிளை இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்தான். ஆனால் இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

பேக்கிங் செக்‌ஷனில் பொன்னுசாமி என்று ஒருவன் இருந்தான், நாகப்பட்டினம் பக்கம். ஓசூர்க் குளிர் அவனுக்கு ஆகவே ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் கடல் ரூமுக்குள் போய், கடைசி ராக்குக்குப் பின்னால் அட்டையை விரித்துப் படுத்துவிடுவான்.

"கரப்பான் மேல ஏறாதாடா?" என்று கேட்டேன்.

"இதுங்களும் எங்க ஊருதாண்ணே. ஒண்ணும் பண்ணாது" என்றான்.

அவன் அங்கே படுப்பான் என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தொன்பது டிசம்பரில் ஒரு நாள், கரப்பான் தொல்லை தாங்காமல் சூப்பர்வைசர் கந்தகப் புகை போடச் சொன்னார். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் சட்டியில் கந்தகத்தைப் பற்றவைத்து, உள்ளே வைத்து, கதவைத் தாழ்போட்டு அரைமணி நேரம் காவல் இருக்க வேண்டும்.

"உள்ள ஆள் இருக்கான்னு பாத்துட்டு மூடு, கங்கப்பா. புகை ஏறினா அதுங்க மேலேர்ந்து கொட்டும், பறந்து வந்து தகரத்துல முட்டும். சத்தம் கேக்குதேன்னு தொறந்துடாத, அத்தனையும் ஷெட்டுக்குள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தேன். வாசலில் நின்று "யாரப்பா உள்ள?" என்று ஒரு குரல் கொடுத்தேன். பதில் இல்லை. பொன்னுசாமி அரைநாள் லீவு கேட்டிருந்தது ஞாபகம் இருந்தது, அது மறுநாளைக்கு என்பது ஞாபகம் இல்லை. கடைசி ராக் வரைக்கும் பத்து எட்டு நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. அந்த ராக்கின் கால் முழுக்கக் கரப்பான் மொய்த்துக்கொண்டிருந்தது. சட்டியை வாசலோரமே வைத்துவிட்டுக் கதவை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் ஆரம்பித்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகரத்தில் பொட்டுப் பொட்டென்று விழுந்தன. "சாவுங்கடா" என்று சொல்லி ஒரு பீடி பற்றவைத்தேன். பிறகு வேறு மாதிரி கேட்டது. டக், டக், டக். நின்றது. மறுபடி டக், டக், டக். மூன்று மூன்றாக. ஐந்தாவது முறை எனக்குச் சந்தேகம் வந்து எழுந்தேன். தாழில் கைகூட வைத்தேன். தொறந்துடாத என்று சூப்பர்வைசர் சொன்னதும், அத்தனையும் என் மேல் பாய்வதும் கண்ணுக்குள் வந்தன. கையை எடுத்துவிட்டேன். ஏழு முறை கேட்டது. எட்டாவது முறை கேட்கவில்லை. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

அரைமணி கழித்துத் திறந்தபோது பொன்னுசாமி கதவடியிலேயே கிடந்தான். அவனைச் சுற்றிலும் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. கதவின் உள்கைப்பிடி உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தோம், திருகினால் தாழ் அசையாது.

போலீஸ் வந்து, உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டதா என்றார்கள். இல்லை என்றேன். தூங்கக் கூடாத இடத்தில் தூங்கப் போனது அவன் தப்பு என்று பேசி முடித்தார்கள். உள்கைப்பிடியை மறுநாளே புதிதாக மாற்றினார்கள். அவன் மனைவி காவேரிக்கு கேன்டீனில் வேலை கொடுத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு கூப்பிட்டாரா?" என்றாள்.

"இல்லம்மா. ஒரு சத்தமும் இல்ல. தூக்கத்துலயே போயிட்டான்."

"கதவுகிட்டல்ல கெடந்தாருன்னாங்க?"

"தூக்கக் கலக்கத்துல எழுந்து வந்திருப்பான். வலி தெரிஞ்சிருக்காது." எவ்வளவு சரளமாக வந்தது எனக்கு!

அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்ணே" என்றாள். அன்றிலிருந்து யார் துக்கம் விசாரித்தாலும் அவள் அதையேதான் சொன்னாள். தூக்கத்திலேயே போய்விட்டார், கங்கப்பண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். கேன்டீனில் எனக்கு மட்டும் தட்டில் ஒரு போண்டா கூடுதலாக வைப்பாள். நான் அதைத் தின்றேன். எப்படித் தின்றேன் என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு கரப்பான்கள் என் வீட்டுக்கும் வந்தன. சாப்பாட்டுப் பையோடு வந்திருக்கும், வேறெப்படி வரும். பகலிலேயே அரிசி டின்னுக்குள்ளிருந்து சத்தம் கேட்கும். வாளி மூடிக்கு அடியில் கேட்கும். டக், டக், டக். கேட்ட மாத்திரத்தில் ஓடிப்போய்த் திறந்துவிடுவேன். சில சமயம் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வரும். பல சமயம் ஒன்றுமே இருக்காது.

என் மனைவி நஞ்சம்மா துடைப்பத்தோடு நிற்பாள். அவளுக்குக் கோபம் வந்தால் கன்னடமும் தமிழும் கலந்து கொட்டும், கரப்பான் ஜிரளே ஆகிவிடும். "ஜிரளேய வெளிய விடுறதுக்குன்னே மூடியத் தொறக்கிற ஆம்பள உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிக்கிச்சா?"

பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் எந்தப் பாத்திரத்துக்கும் மூடி போட முடியாமல் போயிற்று. எங்கள் வீட்டுக் கதவைத் தாழ்போட்டால் எனக்கு மூச்சு முட்டியது.

ஒரு வருஷம் ஓடியது. கரப்பான்கள் முன்பைவிடப் பெருகின. ஏற்றுமதிக்குப் போன பெட்டி ஒன்றில் செத்த கரப்பான் கிடந்தது என்று சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் மறுபடி புகை போடச் சொன்னார். வேறு ஆளைப் பாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். வேறு எவனும் அந்தக் கதவுப் பக்கம் வரத் தயாராக இல்லை.

அன்று டார்ச் அடித்து ராக் ராக்காகப் பார்த்தேன். கடைசி ராக்குக்குப் பின்னாலும் போனேன், காலில் இரண்டு ஏறின, பல்லைக் கடித்துக்கொண்டேன். பேக்கிங் ஆட்கள் அத்தனை பேரையும் வெளியே வரிசையாக நிற்கவைத்துத் தலை எண்ணினேன். புதுக் கைப்பிடியை உள்ளிருந்து நாலு முறை திருகிப் பார்த்தேன். பிறகுதான் சட்டியை வைத்துக் கதவை மூடினேன்.

திரும்பினால் காவேரி டீ கிளாஸோடு நிற்கிறாள்.

"நீ எதுக்கும்மா இங்க?"

"அவரு கடைசியா இருந்த எடம்ணே. இன்னைக்கு இங்க நிக்கணும்னு தோணுச்சு."

டீயை வாங்கிக்கொண்டேன். இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டேன், தகரத்தில் விழ ஆரம்பித்தன. பொட்டு. பொட்டுப் பொட்டு. காவேரி லேசாக முகம் சுளித்தாள். கரப்பான்தான். உள்ளே ஆள் இல்லை. எனக்குத் தெரியும், என் கண்ணால் பார்த்தவன் நான். அப்புறம் கேட்டது. டக், டக், டக்.

கிளாஸ் கையிலிருந்து விழுந்தது. தாழை இழுத்துக் கதவை விரியத் திறந்தேன். "வெளிய வாடா! வாடா வெளிய!" என்று நான் கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். புகை முகத்தில் அடித்தது, கரப்பான்கள் நெஞ்சிலும் தலையிலும் வந்து மோதின, நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். யாரும் வரவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து என்னை இழுத்துத் தள்ளி, வாய்க்கு வந்தபடி திட்டி, ஷெட்டையே காலி பண்ணச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காவேரி வந்து எதிரில் நின்றாள்.

"எதுக்குத் தொறந்தீங்க?"

"சத்தம் கேட்டுச்சு."

"கரப்பான் சத்தந்தானே. எனக்கும்தான் கேட்டுச்சு."

நான் மறுபடி இருமினேன்.

"உள்ள யாரும் இல்லேன்னு தெரிஞ்சும் தொறக்குறீங்க. அப்படின்னா அன்னைக்கும் கேட்டுச்சு. அப்படித்தானே?"

ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்தது ஒரே சொல்லில் வந்துவிட்டது. "கேட்டுச்சு."

"எத்தன தடவ?"

"மூணு மூணா. ஏழு தடவ. கரப்பான்னு நெனச்சிட்டேம்மா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேன்டீனுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். அதற்குள் புகை முழுக்கப் போயிருந்தது, ஹீட்டரையும் போட்டிருந்தார்கள். "வாங்கண்ணே" என்று கடல் ரூம் வாசலுக்குக் கூட்டிப் போனாள். "உள்ள போங்க. நான் மூடுறேன். அவரு தட்டுன மாதிரி தட்டுங்க. அது எப்படிக் கேக்கும்னு நான் தெரிஞ்சிக்கணும்."

போனேன். கதவு மூடியது, தாழ் விழும் சத்தம் கேட்டது. கும்மிருட்டு. ஈரமும் உப்பும் மூக்கில் ஏறின. முதல் நிமிஷத்திலேயே ஒன்று செருப்பைத் தாண்டி என் காலில் ஏறியது, இன்னொன்று கழுத்தில். அவற்றைத் தட்டிவிடவில்லை. புதுக் கைப்பிடி என் இடுப்புக்கு நேராக இருந்தது, திருகினால் திறந்துவிடும். அதையும் தொடவில்லை. விரல்முட்டியால் தட்டினேன், மூன்று முறை. அவன் விட்ட அளவுக்கே இடைவெளி விட்டேன். மறுபடி மூன்று.

ஐந்தாவது முறை முடிந்ததும் என்னையறியாமல் காத்திருந்தேன், வெளியே யாரோ தாழில் கை வைப்பார்கள் என்று. யாரும் வைக்கவில்லை. ஆறாவது முறை தட்டும்போது வாய்விட்டு அழுதேன். அழுகை அந்தக் கதவைத் தாண்டாது என்பது உள்ளே நின்றபோதுதான் புரிந்தது. அவன் கூப்பிட்டிருப்பான். கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டியிருப்பான். ஏழாவது முறை தட்டி முடித்தேன்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் காவேரி நின்றிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் தோளில் உட்கார்ந்திருந்த கரப்பானைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தாண்ணே கேக்குது. ஆள் தட்டுற மாதிரியே கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.