இடக்கை வெல்டர்

தொட்டியத்தில் வாழை போட்டுப் பிழைக்கும் வீரமலைக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்தவன் அம்மாசி. ஆண்பிள்ளை என்று வீட்டில் அவனுக்குச் செல்லம் அதிகம். ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் இடம் கொடுக்கவில்லை. எதை எடுக்கப் போனாலும் அவனுக்கு இடது கைதான் முந்தும். அந்தக் கை சோற்றில் பட்டால் அம்மா மாரியாயி தட்டை நகர்த்திவிடுவாள். குலை வெட்டும் அரிவாளை இடக்கையில் பிடித்துவிட்டால் போதும், கூலிக்காரர்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், "பீச்சாங்கைக்காரப் பய, தொட்டது எங்க விளங்கப்போவுது" என்பார் வீரமலை. பள்ளிக்கூடத்தில் பிரம்பு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பத்தாம் வகுப்பு தாண்டுவதற்குள் அம்மாசி வலக்கையால் எழுதவும் உண்ணவும் பழகி, இடக்கையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளும் பையனாகிவிட்டான்.

அப்போதுதான் திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை எழும்பியிருந்தது. பொட்டலாகக் கிடந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் இரும்புக் கூரைகள். அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டான், எடுத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டையும் கனத்த பூட்ஸுமாக முதல் தடவை ஊருக்குப் போனபோது, மாரியாயி அவனைத் தேவையே இல்லாமல் இரண்டு தெரு சுற்றிக் கடைக்கு அனுப்பினாள்.

காட்டூரில் ஓர் அறை எடுத்து, புள்ளம்பாடியிலிருந்து வந்த லூர்து என்ற சக அப்ரண்டிஸோடு தங்கினான். காலையில் தஞ்சாவூர் ரோடு முழுக்க சைக்கிள்கள்தான். சங்கு ஊதுவதற்குள் வாசலில் நுழைந்துவிட வேண்டும் என்று அத்தனை பேரும் ஒரே திசையில் மிதித்துக்கொண்டு போகும்போது, அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவன் என்ற நினைப்பே அம்மாசிக்கு நெஞ்சை நிமிர்த்தும்.

முதல் வருஷம் அரம் பிடித்து இரும்பை ராவியதிலேயே கழிந்தது. அடுத்த வருஷம் ஆளுக்கொரு தொழிலாகப் பிரித்தபோது அவனுக்கு வெல்டிங் வந்தது. முகமூடியை இறக்கிக்கொண்டு, கருப்புக் கண்ணாடி வழியே இரும்பு தேன் மாதிரி இளகி ஓடுவதை முதன்முதலாகப் பார்த்த அன்று அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இதைவிட வேறு வேலை வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. வலக்கையில் வெல்டிங் ராடைப் பிடித்து அவன் போட்ட கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தது. பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பிலிமில் பார்த்தால் உள்ளே பொடிப் பொடியாக ஓட்டைகள். பயிற்சி கொடுத்த இருதயநாதன் பொன்மலை ரயில்வே பட்டறையிலிருந்து வந்தவர், முப்பது வயதுகூட ஆகாதவர். திட்டமாட்டார். பிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அது திட்டுவதைவிட அதிகமாக உறுத்தியது.

இறுதிப் பரீட்சையில் ஒரு குழாயை அசையாமல் மாட்டி, பக்கத்திலேயே இடிக்கிற மாதிரி இன்னொரு குழாயையும் நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பாமல் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். உண்மையான பாய்லரில் குழாய்கள் அப்படித்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதில் தேறாதவன் வெல்டர் ஆக முடியாது. வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். அம்மாசி மட்டும் தன் தடுப்புக்குள் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ராடை இடக்கைக்கு மாற்றினான். இத்தனை வருஷம் பையில் கிடந்த கை எங்கேயோ ரகசியமாகக் கற்றுக்கொண்டு வந்தது போல, ஒரே சீராக நகர்ந்தது. மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தான். கெண்டை மீன் செதில் மாதிரி வரிவரியாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து படுத்திருந்தது கோடு.

திரும்பினால் லூர்து நின்றுகொண்டிருந்தான். யாரிடமும் சொல்லாதே என்று அம்மாசி கெஞ்சினான். லூர்து சொல்லவில்லைதான். ஆனால் அந்தத் துண்டு மேசை மேலேயே கிடந்துவிட்டது. மத்தியானம் இருதயநாதன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதில்கள் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

"இடது கையில போட்டது யாரு?"

அம்மாசி முன்னால் வந்து, தெரியாமல் செய்துவிட்டதாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான். இருதயநாதனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"எக்ஸ்ரேக்கு எந்தக் கைன்னு தெரியாது, அம்மாசி. உள்ளே ஓட்டை இருக்கா இல்லையான்னுதான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து வலக்கையையும் விட்டுவிடாமல் இரண்டிலும் பழகச் சொன்னார். பரீட்சைக் குழாயில் மற்றவர்கள் ஒடுங்கிய பக்கம் வந்ததும் ராடை வளைத்து, சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து அதில் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தார்கள். அம்மாசி கையை மாற்றிக்கொண்டான். பிலிம் சுத்தமாக வந்தது. வெல்டர்களுக்கு ஆளுக்கொரு முத்திரை எண் உண்டு. தான் போட்ட இணைப்புக்குப் பக்கத்தில் அதைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். அந்த எண் வந்த அன்று, அறைச் சுவர் முழுக்க அதைக் கரியால் எழுதி வைத்து வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடைசி வருஷம் தொழிற்கூடத்திலேயே வேலை. ஏகப்பட்ட குழாய்கள் வந்து சேரும் தடித்த உருளை ஒன்றில், மூலையிலிருந்த சில இணைப்புகளுக்கு யாருக்கும் கை போகவில்லை. ஃபோர்மேன் அப்துல் மாலிக் அம்மாசியைக் கூப்பிட்டு விட்டார். மல்லாந்து படுத்து, இடக்கையை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக முடித்துத் தன் எண்ணைப் பதித்தான்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அன்றைக்குத்தான் குடும்பத்தார் உள்ளே வரலாம். வீரமலையும் மாரியாயியும் தொழிற்கூட வாசலில் கட்டுவதற்கென்று குலையோடு இரண்டு வாழை மரங்களை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சீரங்கத்தில் இறங்கி ரங்கநாதரைச் சேவித்துவிட்டுத்தான் மகனைப் பார்ப்பேன் என்று மாரியாயி சொல்லியிருந்ததால், அம்மாசி அப்போது மொட்டையாகவே நின்ற ராஜகோபுரத்தடியில் போய்க் காத்திருந்து கூட்டி வந்தான்.

இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அண்ணாந்து பார்த்தபடியே நடந்த வீரமலையிடம் அப்துல் மாலிக் வந்து அந்த உருளையைக் காட்டினார்.

"இந்த மூலைக்கு யாருக்கும் கை போகலைங்க. உங்க மகன்தான் போட்டுக் கொடுத்தார்."

"எந்தக் கையிலங்க போட்டான்?"

"இடது கையிலதாங்க."

அம்மாசிக்கு உடம்பு குறுகியது. வீரமலை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, குழாய்களுக்கு நடுவே தன் வலக்கையை விட்டுப் பார்த்தார். முழங்கை இடித்தது. எடுத்துவிட்டு இடக்கையை விட்டார். அது தோள் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. விரலால் அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "இது எங்க பய போட்டதுங்க. பீச்சாங்கைக்காரன். வேற யாருக்கும் வராதாம்" என்றார்.

அதோடு விட்டாரா? சத்திரம் பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரரிடம் சொன்னார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னார். மறுநாள் தொட்டியம் முழுக்கத் தெரிந்துபோனது.

ஆனால் அந்த உருளைக்குத் தண்ணீர்ச் சோதனை இன்னும் முடிந்திருக்கவில்லை. உள்ளே தண்ணீரை நிரப்பிப் பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். பலவீனமான இணைப்பு எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு சொட்டாவது எட்டிப் பார்த்துவிடும். ஒழுகினால் அப்பா ஊரில் எப்படித் தலைகாட்டுவார் என்ற நினைப்பு அம்மாசியைத் தூங்கவிடவில்லை.

சோதனையன்று தொழிற்கூடமே சுற்றி நின்றது. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் மெல்ல மெல்ல ஏறியது. வேண்டிய அளவை எட்டியதும் பம்பை நிறுத்தினார்கள். முள் அசையவில்லை. சோதனை அதிகாரி டார்ச்சோடு இணைப்பு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்து மூலையில் நின்றார். அவருக்கும் கை எட்டவில்லை. "இது யார் நம்பர்?" என்று கேட்டார்.

லூர்து அம்மாசியை முன்னால் தள்ளினான். அம்மாசி உள்ளே இடக்கையை விட்டு ஒவ்வொரு இணைப்பையும் சுற்றித் தடவிவிட்டு வெளியே எடுத்தான். அதிகாரி டார்ச்சை அவன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். துருவும் தூசியும் ஒட்டியிருந்தன, ஈரமே இல்லை. சோதனையில் தேறியதற்கு அடையாளமாகத் தம் முத்திரைச் சுத்தியலை எடுத்து அந்த உருளையில் ஓங்கி அடித்தார். இரும்பு முழுக்க அந்த ஓசை ஓடி அடங்கும் வரை அம்மாசி அங்கேயே நின்றான்.