ஒரு குடை நீளம்

1.

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. எங்கள் விமான நிலையத்தில் விபத்து நடந்தால் மட்டுமல்ல, நடக்கப் பார்த்து நடக்காமல் போனாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘நெஞ்சு திக்கென்ற சம்பவம்’ என்று மேலே அச்சடித்திருக்கும். என்ன நடந்தது, ஏன், இனி என்ன செய்வீர்கள் என்று மூன்று கட்டங்கள். கீழே பெயர், கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் சொந்த முத்திரை.

மூன்று கட்டத்தில் அடங்காததால் கதையாக எழுதுகிறேன். அல்லது, கதைக்கு முத்திரை குத்த வேண்டியதில்லை என்பதால். எது உண்மை என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

2.

முதல் தொடக்கம்: அன்று காலை அடர்ந்த மூடுபனி விமானங்களை

(மூடுபனி இல்லை. பளிச்சென்று வெயில். மூடுபனி இருந்தால் யார் தலையிலும் பழி விழாது, அந்த ஆசைதான்.)

இரண்டாம் தொடக்கம்: வண்டி ஓட்டும் ஒரிஹாரா ஒரு குடிகா

(அடித்துவிட்டேன். ஜலதோஷ மருந்து குடித்தாலே தள்ளாடுகிற மனிதர் அவர்.)

மூன்றாவது சுமார். இரவு பெய்த பனி உருகித் தரை ஈரமாக இருந்தது. ஒரிஹாரா பனி கரைக்கும் வண்டியை நிறுத்தி, அதன் நீண்ட கையை உயர்த்தி, உச்சியிலிருந்த கூண்டில் உட்கார்ந்து ஒரு விமானத்தின் வாலுக்கு வெந்நீர் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நிறுத்தத்திலிருந்து இரண்டடுக்கு விமானத்தை இழுவை வண்டி பின்னால் தள்ளியது. அதன் இறக்கைகள் நுனிக்கு நுனி எண்பது மீட்டர். நுனி எங்கே போகிறது என்று விமானிக்குத் தெரியாது, கீழே நடந்து வருகிறவர்தான் கண். இடதுபக்கக் கண், தொக்கிவா என்ற பெண். அவள் கையிலிருந்த கோல்களைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தாள். விமானம் நின்றது.

இறக்கை நுனிக்கும் ஒரிஹாராவின் கூண்டுக்கும் நடுவே ஒரு குடை நீளம்.

3.

மறுநாள் நூடுல்ஸ் கடையில் ஒரிஹாரா, தொக்கிவா, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

“கூண்டுக்குள்ள உங்க மூஞ்சிய பாத்தேன் ஒரிஹாரா சான். ஏதோ மென்னுக்கிட்டு இருந்தீங்க” என்றாள் தொக்கிவா.

“சோத்துருண்ட. இன்னும் முழுங்கல.”

“கோட்டத் தாண்டி நிறுத்தியிருக்கீங்கன்னு எழுதிட்டாங்களே.”

“எந்தக் கோட்ட? சிவப்புக் கோட்டுக்கு வெளியதான் நின்னேன். ஈரத்துல ரெண்டு பளபளன்னு தெரிஞ்சுது. ஒம்பது வருஷமா எதுல நிக்கிறேனோ அதுல நின்னேன்.” என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுப்பா. அங்க ஒரு கோடுதான் இருக்கணும்?”

“ஒண்ணுதான் இருக்கணும்” என்றேன். பொய் இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்று மூன்று மணிக்கு விசாரணை. தவறு அவருடையது என்று முடிவானால் விமானங்களுக்கு நடுவே வண்டி ஓட்டும் உரிமம் போய்விடும். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது.

4.

இப்போது ஒரு புதுப் பாத்திரம். பெயர் மொரினாகா, தரையில் கோடு போடுபவன். அந்த நிறுத்தத்துக்குப் பெரிய விமானம் வரப்போகிறது என்றதும் வண்டிகள் தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டை வெளியே தள்ளிப் புதிதாகப் போட்டான். பழையதைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். மேலே கருப்பு பூசிவிட்டான். காய்ந்த தரையில் அது தெரியாது. நனைந்தால் பழைய கோடு எழுந்து வந்துவிடும்.

அதற்குத்தான் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்கிறது விதி. பார்த்துவிட்டுக் கையை நீட்டி, விரலால் சுட்டி, உரக்கச் சொல்ல வேண்டும். இங்கே எல்லா வேலையும் அப்படித்தான். வாளி வெகு தூரத்தில் இருந்தது. மொரினாகா நிமிர்ந்து நின்று, கை நீட்டி, காய்ந்த தரையைச் சுட்டினான். “தண்ணி ஊத்தியாச்சு, சரி. பழைய கோடு இல்ல, சரி.”

விரல் நேர்த்தி. குரல் கணீர். தண்ணீர்தான் இல்லை.

(இந்த மொரினாகா நம்பும்படி இல்லையே. ஒன்பது வருடம் பழகிய மனிதரை மாட்டிவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சுவானா? உறிஞ்சினான். கூட ஒரு முட்டையும் வாங்கிக்கொண்டான். எங்கள் நிலையத்தில் மொரினாகா என்று யாரும் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

5.

முடிவுகள் கைவசம் உண்டு.

அ. ஒரிஹாரா உரிமத்தை இழக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிந்து வணக்கம் சொல்கிறார். (இதை என்னால் எழுத முடியாது.)

ஆ. காரணம் வானிலை என்று விசாரணைக் குழு (பனி வந்து மறுப்புத் தெரிவிக்காது என்பதால் இது எனக்குப் பிடித்த முடிவு. வெட்கம்கெட்ட முடிவும்.)

இ.

இப்போது மணி இரண்டு நாற்பது. படிவம் என் முன்னால் இருக்கிறது. மூன்று கட்டங்களிலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன், வாளி உட்பட. கீழே ஓர் இடம் பாக்கி. முத்திரை இரண்டாவது இழுப்பறையில்.

எழுந்து நிற்கிறேன். கையை நீட்டுகிறேன். படிவத்தை விரலால் சுட்டி உரக்கச் சொல்கிறேன்: “பேரு எழுதியாச்சு, சரி. முத்திரை குத்தியாச்சு, சரி.”

நான் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அதனால் நீங்களே குனிந்து பாருங்கள். ஒரிஹாரா படியேறி வந்துகொண்டிருக்கிறார்.