காய்ச்சலுக்கு ஓர் இருக்கை

அடிவாரத்திலிருந்து மலையுச்சிக்குப் போகும் மதிய பஸ்ஸில் காய்ச்சல் டிக்கெட் வாங்கித்தான் பயணம் செய்தது. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். டிக்கெட்டைக் கிழித்து வைத்தவர் அந்த வண்டியின் கண்டக்டர். தன் சர்வீஸில் ஒருவரைக்கூட ஓசியில் ஏற்றியதில்லை என்று பெயரெடுத்தவர். இருக்கையில் ஆள் யாரும் தெரியாது. பின்சக்கரத்துக்கு மேலே உள்ள ஜன்னலோர இருக்கை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுடும், தெரியாமல் உட்கார்ந்தவர்கள் துள்ளி எழுவார்கள். இடத்தைப் பிடித்துக்கொண்டால் டிக்கெட் உண்டு, கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்பது கண்டக்டரின் வாதம். காசை யார் கொடுத்தது என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். டிக்கெட்டை இருக்கைமேல் வைப்பார், அது ஓரங்களில் சுருண்டு பழுப்பேறும்.

அந்த நாட்களில் காய்ச்சல் மூன்றாம் வளைவில் இறங்கிவிடும். காற்றில் குளிர் தொடங்குவது அங்கேதான். வண்டி திரும்பும்போது இருக்கை சட்டென்று ஆறிப்போகும், படிக்கட்டில் நின்றவர்களின் முழங்காலை ஒரு வெப்பம் உரசிக்கொண்டு இறங்கும். கொஞ்ச நாளில் மூன்றாம் வளைவில் யாராவது இரண்டொருவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். அதற்கு மேலே இருந்த ஊர்களில் ஒருவர்கூடப் படுத்ததில்லை. மலைக்காரர்கள் இதை மழை, பனிபோல ஒரு சங்கதியாக எடுத்துக்கொண்டார்கள்.

கண்டக்டரால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. கல்யாணமான புதிதில், அடிவாரத்தில் குடியிருந்தபோது, அந்தக் காய்ச்சல் அவர் மனைவியைப் பிடித்து எலும்பு எலும்பாக நொறுக்கிவிட்டுத்தான் போனது. இன்னொரு தடவை இதே காய்ச்சல் வேறு தினுசில் வந்தால் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசியும், அப்போது தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அந்த வாரமே மூட்டை முடிச்சோடு கடைசி நிறுத்தத்துக்குக் குடிபோனார்கள். அங்கே குளிர் உண்டு, கொசு கிடையாது. அதற்குப் பிறகு அவள் மலையிறங்கவே இல்லை, கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்துக்குக்கூட. ஆனால் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தூரத்து உறவுக்காரரை விசாரிப்பதுபோலக் காய்ச்சலைப் பற்றி தினமும் விசாரிப்பாள்.

"எங்கங்க இறங்கிச்சு இன்னைக்கு?"

"மூணுலதான்."

"போர்த்திக்கிட்டு வந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? சூடு மட்டும்தான் தெரியுது."

"போர்த்தியிருக்கும். குளிர்னா அதுக்கு ஆகவே ஆகாது. என் உடம்புல இருந்தப்பவே ரெண்டு கம்பளி கேட்டுச்சு."

வருஷங்கள் போயின. மலையில் ஸ்வெட்டர் விற்றவர் வெயிலுக்குக் குடை விற்க ஆரம்பித்தார். காய்ச்சல் நாலாம் வளைவுக்கு ஏறியது, பிறகு ஐந்துக்கு. வண்டியை ஓட்டியவர் கண்டக்டருடைய மனைவியின் அண்ணன்தான். பிரேக் போடக்கூட யோசித்துப் போடுகிற நிதானக்காரர். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் குளிர் தாங்காமல் முன்னாலேயே இறங்கிவிடும் என்று அவர்தான் கண்டுபிடித்தார். அன்று முதல் மதிய பஸ்ஸில் ஒரு ஜன்னலும் மூடப்படவில்லை. மலைக்காரர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வந்தார்கள். கீழேயிருந்து வந்த வெளியூர்க்காரர்கள் முதலில் சண்டை பிடித்தார்கள், அந்த இருக்கையைத் தொட்டுப் பார்த்த பிறகு அவர்களும் துண்டு வாங்கினார்கள். காய்ச்சல் மறுபடி நாலாம் வளைவில் இறங்கியது. கண்டக்டர் மலையையே காப்பாற்றிவிட்டவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி வெப்பமானியோடு வந்து அந்த இருக்கைக்குப் பக்கத்தில் சில நாட்கள் பயணம் செய்தாள். சூட்டைப் பற்றி அவள் ஆச்சரியப்படவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் வேறு.

"கொசு வயித்துக்குள்ள காய்ச்சல் பழுக்கறதுக்கு நாள் வேணும் சார். குளிர்ல அது பழுக்கறதுக்குள்ள கொசு செத்துடும். வெயில் ஏற ஏற சீக்கிரமே பழுத்துடும். அதனாலதான் இது மேல ஏறுது" என்றாள். பிறகு கூரையைக் காட்டிக் கேட்டாள். "கீழேருந்து பழைய டயர், ட்ரம் எதையாவது யாராவது மேல கொண்டு போறாங்களா?"

"என் வண்டியிலயா? சான்ஸே இல்லம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. மனைவிக்குப் பூச்செடி என்றால் உயிர். மலையுச்சி முழுக்கப் பாறை. அதனால் டெப்போவில் கழித்துப்போட்ட டயர்களைக் கூரையில் ஏற்றிக்கொண்டு போய், வெள்ளையடித்து, மண் நிரப்பிக் கொடுப்பார். மண் கிடைக்கும்வரை இரண்டு மூன்று டயர்கள் கொல்லைப்புறத்தில் சும்மா கிடக்கும், மழைத்தண்ணீர் அதில் நிற்கும். அவர் மனசில் அவை டயர்களே அல்ல, பூத்தொட்டிகள்.

அடுத்த கோடையில் கடைசி நிறுத்தத்துக்குக் கீழே இருந்த சதுப்பு நிலத்தை, சுற்றுலாக் கார்கள் நிற்பதற்காக மண் கொட்டி மேடாக்கினார்கள். அங்கே இருந்த தவளைகள் பஸ்ஸை நம்பாமல் வரிசையாக நடந்தே மலையிறங்கின. அவை தாண்டிப் போகும்வரை கார்கள் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தன. தும்பிகள் என்றைக்குப் போயின என்று யாரும் கவனிக்கவில்லை. தேங்கிய தண்ணீரில் நெளிவதையெல்லாம் அதுவரை தின்று தீர்த்தவை அவைதான் என்பதும் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஒரு நாள், எல்லா ஜன்னலும் திறந்திருந்தும் உள்ளே வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் நாலில் இறங்கவில்லை. ஐந்திலும் ஆறிலும் இறங்கவில்லை. ஏழாம் வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"இறங்கலையா மாப்ள?"

"இல்ல மச்சான்." கண்டக்டர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "உங்க ஸ்டாப் போயிடுச்சுங்க" என்றார். சூடு குறையவில்லை. அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "எடு மச்சான். நின்னா அது நடந்தே போயிடும்."

கடைசி நிறுத்தத்தில் காய்ச்சல் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாக இறங்கியது. காலையில் பெய்த மழையில் ரோடு ஈரமாக இருந்தது. அந்த ஈரம் காலடி காலடியாக உலர்ந்துகொண்டே போனது, கண்டக்டர் பையைக்கூட இறக்கி வைக்காமல் பின்னாலேயே போனார். அது எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை. அவருடைய சந்துக்குள் திரும்பி, அவருடைய வீட்டைச் சுற்றிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் கிடந்த டயர் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தது. வெள்ளைச் சுண்ணாம்பிலிருந்து ஆவி பறந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். தேங்கிய தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

டெப்போவிலேயே டயருக்குள் ஒட்டிக்கொண்ட முட்டைகள் வருஷா வருஷம் அவருடைய வண்டியின் கூரையிலேயே மலையேறியிருக்கின்றன. வருஷா வருஷம் குளிர் அவற்றைக் கொன்றிருக்கிறது, இந்த வருஷம் கொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து காய்ச்சலை விரட்டியவர் தன் கையாலேயே அதற்கு ஒரு குடித்தனம் அமைத்துக் கொடுத்திருக்கிறார், அதுவும் யாருக்காக மலையேறி வந்தாரோ அவள் தூங்குகிற அறைக்குப் பின்னால். அவருக்கு அழுகை வந்தது.

மனைவி ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சா?"

"நான்தான் கூட்டிட்டு வந்துட்டேன். நீ சாத்திக்க."

"அழுதது போதும். மொதல்ல அந்தத் தண்ணியக் கொட்டுங்க." கொசுவலைக் கம்பியில் முகத்தை வைத்து, ஆவி பறந்த இடத்தையே ஆசைதீரப் பார்த்தாள். பிறகு அதனிடம் சொன்னாள். "இவ்ளோ தூரம் வந்துட்ட. உக்காந்துட்டுப் போ. தங்கறதுக்கு மட்டும் இங்க எடமில்ல."

டிரைவர் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் ஊர் பார்த்தது. இருவருமாக டயர்களைச் சூடேறிய பாறைமேல் கவிழ்த்தார்கள். செய்தி பரவி, வீட்டுக்கு வீடு ட்ரம், வாளி, உடைந்த பாத்திரம் எல்லாம் தலைகீழாயின. மூடி என்ற ஒன்றையே அறியாத தொட்டிகளுக்குப் பலகை கிடைத்தது. அதுவரை காய்ச்சல் கொல்லைப்புறத்திலேயே உட்கார்ந்திருந்தது, கொடியில் கிடந்த துணிகள் எல்லாம் மொடமொடவென்று காய்ந்தன. சாயங்கால பஸ் ஹாரன் அடித்ததும் அது எழுந்து போய் ஏறிக்கொண்டது. கண்டக்டர் அடிவாரத்துக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்து இருக்கைமேல் வைத்தார்.

அதற்கப்புறம் பல வாரங்கள் அவர் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அது சுடவே இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலையை மறுபடி தோண்டித் தண்ணீர் விட்டார்கள், தவளைகள் சில யோசித்து யோசித்துத் திரும்பி வந்தன. காய்ச்சலும் வருவதை நிறுத்தவில்லை. இப்போதும் மதிய பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை வருகிறது, தெருத்தெருவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறது, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுகிறது. அந்த இருக்கையில் உட்கார யாரும் கேட்பதில்லை. மனைவியின் விசாரணைதான் கொஞ்சம் மாறியிருக்கிறது.

"சீட் கெடச்சுதாங்க அதுக்கு?"

"கெடச்சுது. ஜன்னலோரமா."

"போறப்ப?"

"போறப்பவும் அதே சீட்டுதான்."

அவள் தலையாட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போவாள். ஒவ்வொரு பூத்தொட்டிக்கும் அடியில் விரலை விட்டுப் பார்ப்பாள். காய்ந்திருக்கும். உள்ளே வந்து விளக்கைப் போடுவாள்.